கெண்டியில் பெயர் இல்லாத காரணம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னவர் கரீம்தாத், ஹெராத் நகரத்துக்காரர். வளைகுடாவில் ஓர் அருங்காட்சியகத்தில் பழைய பாரசீகப் பாத்திரங்களைத் துடைத்து வைப்பது எங்கள் இருவருக்கும் வேலை. தங்கியதும் ஒரே விடுதியில். வந்த புதிதில் ஒரு நாள் காய்ச்சலோடு விடுதிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தேன். விழித்தபோது மூன்றாம் மாடியில் என் கட்டிலில் கிடந்தேன். தலைமாட்டில் சூடாக சூப். தூக்கி வந்தவர் யார் என்று அறை அறையாகக் கேட்டேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாரம்தான் கரீம்தாத் இதைச் சொன்னார்.

எங்கள் அருங்காட்சியகக் கூடத்தில் ஒரு பித்தளைக் கெண்டி இருக்கிறது. உடம்பெல்லாம் வெள்ளி பதித்த எழுத்து, தோளைச் சுற்றிக் கௌதாரிகள். எழுத்து முழுக்க வாழ்த்து. யாருக்கு என்ற பெயர் மட்டும் இல்லை. வாங்கப்போகிறவரைத் தெரியாமல் செய்ததால் இருக்கும் என்றார் மேலதிகாரி. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

கரீம்தாத் சொன்னது வேறு.

அந்தக் காலத்தில் பறவையும் கழுதையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. ஹெராத்தில் பஹ்ராம் என்று ஒரு கன்னான் இருந்தான். செம்பு வாங்க மலைப்பாதையில் போனபோது பனியில் பட்டுத் தெறித்த வெயில் தாக்கி, கண் தெரியாமல் பள்ளத்தில் விழுந்தான். யாரோ வந்து கண்ணில் துணி கட்டினார், வாயில் வெந்நீர் ஊற்றினார், கழுதைமேல் ஏற்றி ஊர்வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் பஹ்ராமுக்குக் கண் திறந்தது. நன்றி சொல்ல ஆள் இல்லை.

அவருக்கென்று ஒரு கெண்டி செய்தான். பித்தளையில் பள்ளம் வெட்டி, வெள்ளிக் கம்பியை வைத்து அடித்து, “நலமும் செழிப்பும் நீண்ட ஆயுளும்” என்று எழுதினான். அடுத்தது பெயர். அங்கே உளி நின்றுவிட்டது. மாதக்கணக்காகச் சரியாகச் சாப்பிடவில்லை, வேறு வேலையும் தொடவில்லை.

மலையிலிருந்து ஒரு கௌதாரி வந்தது.

“நான் மேலேயிருந்து பார்த்தேன், உஸ்தாத்.”

“யார் அவர்?”

“ஒரு தலைப்பாகை தெரிந்தது.”

“இந்த ஊரில் தலைப்பாகை இல்லாதவன் யார்?”

“கோபப்படாதே. கழுதையைக் கேட்டாயா?”

“கண்டுபிடித்துக் கேட்டேன். என்னை ஏற்றியவரை அதற்குத் தெரியாதாம். வழியில் நின்றிருந்த தன்னை ஓட்டிக்கொண்டு போனாராம். நான் ரொம்பக் கனம் என்று மட்டும் சொன்னது.”

கௌதாரி சிரித்தது. பஹ்ராம் சிரிக்கவில்லை. வெகுநேரம் கெண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு உளியை எடுத்து, பெயருக்கு விட்ட இடத்தில் “இதை வைத்திருப்பவருக்கு” என்று வெட்டினான்.

“இதைச் சந்தைக்கு அனுப்பப்போகிறேன்.”

“வேறு யாராவது கொண்டுபோனால்?”

“கொண்டுபோகட்டும். அடுத்ததிலும் இதையே எழுதுவேன். எல்லாரையும் வாழ்த்திவிட்டால் அவரும் அதற்குள் இருப்பார் அல்லவா?”

கௌதாரி யோசித்தது. “அப்படியானால் என்னையும் தோளில் வை. அவர் தண்ணீர் ஊற்றும்போது நான் அடையாளம் பார்க்கிறேன்.”

அன்றைக்குப் பிறகுதான் ஹெராத்துக் கன்னார்கள் கெண்டியின் தோளில் கௌதாரிகளை உட்காரவைத்து, பெயர் எழுதாமல் வாழ்த்தை மட்டும் எழுதத் தொடங்கினார்களாம்.

என் கேள்விகளை நிறுத்தத்தான் கரீம்தாத் இந்தக் கதையைக் கட்டினாரோ என்று பதினான்கு வருடம் யோசித்திருக்கிறேன். போன மாதம் அவர் ஊர் திரும்பினார். பெட்டியைக் கீழே இறக்கப் போனேன். படிக்கட்டில், நான் அன்று விழுந்த இடத்தில் நின்று கேட்டேன்.

“பாய், நான் ரொம்பக் கனமாக இருந்தேனா?”