மட்கார்டில் ஓர் எழுத்து

தேரிக்காட்டில் செம்மணல் பந்தயம். போன இரண்டு வருடமும் ஜெபக்கனியின் மணல் வண்டி, சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் அறுந்து கடைசி மேட்டில் நின்றுபோனது.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் மெக்கானிக் தொழில் படிக்க வந்த துரைப்பழத்துக்கு ஐம்பத்தொன்று. பஸ் டிப்போவில் இருபது வருடம் இருந்தவர். இருந்தும் அவளை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்.

அவள் ஷெட்டில் ஒரு வழக்கம். பந்தயத்துக்கு முன் பெல்ட்டைச் சோதித்துப் பார்த்தவர் மட்கார்டில் சாக்பீஸால் தன் பெயரை எழுத வேண்டும். எழுதியவரே ஓட்டுபவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். துரைப்பழத்துக்கு இன்றுதான் முதல் முறை. வண்டிகள் புறப்படும் கோட்டில் ஜெபக்கனி கேட்டாள்.

"பெல்ட் எப்படி அண்ணாச்சி?"

"பளபளன்னு இருக்கு ஆசான். புதுசே தோத்துரும்."

"சரி."

"ஒரு கேள்வி. பாத்தது போதும்னு எப்படித் தெரியும்?"

அவள் சாக்பீஸை நீட்டினாள்.

அவர் 'து' என்று எழுதினார். கை நின்றது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

மறுபடி மூடியைத் திறந்து பெல்ட்டைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி மடித்தார். பல்லுக்குப் பல் நடுவே மயிரிழையாக வெடிப்புகள். அந்தப் பளபளப்பும் புதுசின் பளபளப்பு இல்லை; வழுக்கி வழுக்கிச் சூடேறியதில் வந்தது.

பக்கத்து வண்டிக்காரன் சிரித்தான். "என்ன அண்ணாச்சி, பிரசவம் பாக்கியளா?"

விசில் ஊதிவிட்டார்கள். எல்லா வண்டியும் போய்விட்டது. ஜெபக்கனி புது பெல்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

கடைசியாகக் கிளம்பினார்கள். முதல் மேட்டில் இரண்டு வண்டியைத் தாண்டினார்கள். பள்ளத்தில் இன்னும் மூன்று. கடைசி மேட்டின் பாதியில் ரப்பர் கருகும் வாசனை. துரைப்பழம் குனிந்து பெல்ட் மூடியைப் பார்த்தார்.

வாசனை அவர்களுடையது இல்லை. சிரித்தவன் புகைக்கு நடுவே இறங்கி நின்றிருந்தான்.

"பிரசவம் ஆச்சா, என்ன குழந்தைவே?" என்று துரைப்பழம் கத்தினார். வண்டி மேட்டைத் தாவி இறங்கியது. முன்னால் யாருமில்லை. கொடி மட்டும்.

கூட்டம் இருவரையும் தூக்கிக் கீழே விட்ட பிறகு அவர் மெல்லக் கேட்டார்.

"அது கெட்டுப்போன பெல்ட்டுன்னு உங்களுக்கு முதல்லயே தெரியுமா ஆசான்?"

"மூடியைத் திறந்தது நீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப நான் பேரை முழுசா எழுதியிருந்தா?"

"ஏறி ஓட்டியிருப்பேன்."

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். செம்மண் படிந்த மட்கார்டில் அந்த ஒற்றை 'து' இன்னும் அழியாமல் இருந்தது.

ஜெபக்கனி சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள்.

"மிச்சத்தை எழுதுங்க அண்ணாச்சி. போட்டோ எடுக்க வாராங்க."