ஏழு விழுந்தால்

"அம்மா, பகடையில எந்தப் பக்கம் காசு வெச்சாத் தோக்காதுங்க?" என்று கேட்டான் செங்கோடன்.

பாறையடி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செங்கோடனைவிட அவளுக்கு வயது குறைவு. ஆனாலும் அவளைத்தான் அவன் குருவாக வரித்திருந்தான். வெள்ளிதோறும் வண்டியில் விறகு கொண்டுவந்து போடுவான். மனதில் சந்தேகம் ஏதாவது இருந்தால் அதையும் இறக்கிவைத்துவிட்டுப் போவான்.

இந்த வாரச் சந்தேகம் கனமானது. அவனுடைய வண்டி மாடுகளில் ஒன்று செத்துப்போயிருந்தது. இரட்டை மாட்டு வண்டியை ஒற்றை மாடு இழுக்காது. மிஞ்சிய மாட்டைத் தேர்த் திருவிழாச் சந்தையில் விற்று, அந்தக் காசைப் பகடையில் வைத்து, திரும்பும்போது ஒரு ஜோடியாக ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தான். சந்தை நாளைக்கு.

"பகடைன்னா என்னங்க?" என்றாள் அம்மை.

அவளுக்குத் தெரியாததும் ஒன்று இருக்கிறதே என்று செங்கோடனுக்கு உள்ளூரச் சந்தோஷம். மடியிலிருந்து இரண்டு காய்களை எடுத்து வைத்து, பாறையில் கரியால் இரண்டு கட்டம் போட்டு, நிதானமாக விளக்கினான்.

இரண்டு காய்களையும் உருட்ட வேண்டும். புள்ளிகளைக் கூட்டி ஏழுக்குக் கீழே வந்தால், கீழ்க் கட்டத்தில் வைத்தவருக்கு வைத்த அளவு கிடைக்கும். ஏழுக்கு மேலே வந்தால் மேல் கட்டக்காரருக்குக் கிடைக்கும். தோற்ற கட்டத்தில் வைத்தது போய்விடும்.

"ஏழே விழுந்தா?"

"அது மாரியம்மன் பங்குங்க. ரெண்டு கட்டத்துல இருக்கிறதையும் ஆட்டம் நடத்துற பலகைக்காரரு வழிச்செடுத்துக் கண்ணுல ஒத்திக்குவாரு. நாங்க கன்னத்துல போட்டுக்குவோம். சாமிக்குப் போறதைத் தோல்வின்னு யாரும் சொல்றதில்லீங்க."

அம்மைக்கு ஆவல் வந்துவிட்டது. கீரையை ஒதுக்கி வைத்தாள். தானே பலகைக்காரராக இருப்பதாகச் சொன்னாள். புளியங்கொட்டைகளைக் குவித்து அவன் பக்கம் தள்ளினாள்.

செங்கோடன் தன் உபாயங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான்.

முதலில், எது வந்தாலும் மேல் கட்டத்தை விட்டு நகராமல் ஆடினான். குவியல் ஏறிற்று, இறங்கிற்று, பிறகு இறங்கிக்கொண்டே போயிற்று.

அடுத்து, போன தடவை எந்தக் கட்டம் ஜெயித்ததோ அதிலேயே வைத்தான். கொஞ்ச நேரத்தில் கொட்டை தீர்ந்துவிட்டது.

அம்மை மறுபடி குவித்துக் கொடுத்தாள்.

தோற்றால் அடுத்த தடவை இரண்டு மடங்கு வைப்பது மூன்றாவது உபாயம். அது அருமையாக வேலை செய்தது. குவியல் வளர்ந்தது. செங்கோடன் தொடையைத் தட்டிக்கொண்டான். பிறகு வரிசையாகச் சில தடவை தோற்றான். இரண்டு மடங்கு வைக்க இப்போது கையில் கொட்டை இல்லை. இன்னும் ஒரு பிடி இருந்திருந்தால் பிடித்திருப்பேன் என்றான்.

அந்த ஒரு பிடியையும் அம்மை கொடுத்தாள்.

அதுவும் போயிற்று.

கடைசியாக ஒன்று இருந்தது. யாருக்கும் சொல்லாமல் அவன் வைத்திருந்த உபாயம். அம்மை இன்னொரு தடவை குவித்துக் கொடுத்ததிலிருந்து இரண்டு கட்டத்திலும் ஒவ்வொரு கொட்டை வைத்தான். மேலே போனால் கீழே வரும், கீழே போனால் மேலே வரும். எப்படித் தோற்பது?

உருட்டினார்கள். போனது, வந்தது. போனது, வந்தது. நடுநடுவே ஏழு விழுந்தது. அம்மை வழித்தெடுத்து, முறை தவறாமல் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் போட்டாள். செங்கோடன் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

வெயில் பாறையை விட்டு இறங்குவதற்குள் அவன் முன்னால் ஒரு கொட்டைகூட இல்லை.

"யாருகிட்டத் தோத்தீங்க?" என்றாள் அம்மை.

"யாருகிட்டயும் இல்லீங்க. கீழயும் நான்தான், மேலயும் நான்தான். கொஞ்சம் சாமிக்குப் போச்சு, அவ்வளவுதான்."

அம்மை தன் முந்தானையைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்" என்றாள். "வருசம் பூராப் பலகைக்கு முன்னால உக்காந்திருக்கிறவருக்கு எந்தப் பக்கம் நல்லதுன்னு தெரிஞ்சிருக்கும். அவரு எதுல வைக்கிறாருன்னு கேட்டு வந்து எனக்கும் சொல்றீங்களா?"

இது நமக்குத் தோன்றவில்லையே என்று நினைத்துக்கொண்டு செங்கோடன் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் சந்தையில், துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துத் தரகர் விலை பேசி முடித்துவிட்டார். நல்ல விலை. கயிறு கைமாற வேண்டியதுதான் பாக்கி. ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லி, மாட்டைப் பிடித்தபடியே பகடைக் கூட்டத்துக்கு நடந்தான் செங்கோடன். தரகர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

அப்போதுதான் ஏழு விழுந்திருந்தது. பலகைக்காரர் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, நீங்க எந்தக் கட்டத்துல வைப்பீங்க?"

பலகைக்காரர் நிமிர்ந்து அவனை வியப்பாகப் பார்த்தார்.

"நானா? பகடையா? அந்தப் பழக்கமே எனக்குக் கிடையாதுங்க. குடும்பம் இருக்குதில்ல?"

செங்கோடன் மாட்டுக் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான்.