மூன்று தலைவர்களின் கூட்டணி

மூங்கிலாற்றுக் காட்டின் நடுவே ஒரு நாவல் தோப்பு இருந்தது, பிள்ளைகளே. தொழுகைக்கென்றே விட்டுவைத்த இடம் அது. அங்கே தொழுகிறவர்களுக்கு மூன்று கட்சிகள். பிறையைத் தன் கண்ணால் பார்த்தால்தான் பெருநாள் என்பது செம்மறிக்கடா கமாலுதீனின் கட்சி. பக்கத்துக் காட்டில் பார்த்தாலும் போதும் என்பது மயில் ஜவ்ஹரின் கட்சி. கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும் என்பது ஆமை இத்ரீசின் கட்சி. அதனால் அந்தக் காட்டில் சில ஆண்டுகளில் பெருநாள் மூன்று முறை வரும்.

கடா பிடிவாதக்காரர். மயில் பகட்டுக்காரர். ஆமை எதையும் ஆறப்போடுகிறவர். மூவரும் தனித்தனியே நின்றதால், காட்டை ஆள நடக்கும் தேர்தல்தோறும் நரியே வென்றது. இந்த முறை அது, "ஜெயித்ததும் தோப்பை வெட்டிக் கல்குவாரி திறப்பேன்" என்று அறிவித்துவிட்டது.

தோப்பில் குஞ்சுகளோடு குடியிருந்த கொண்டலாத்திப் பறவை ருகையா இதைக் கேட்டதும் கிளம்பினாள். மூன்று தலைவர்களிடமும் மாறி மாறிப் பறந்து, ஒரு மாதம் கெஞ்சி, ஒருவழியாகக் கூட்டணி அமைத்தாள். கூட்டணியின் முத்திரையை ஒருவரிடம் தர மற்றவர் சம்மதிக்கவில்லை. ஆகவே அது அவளிடமே தங்கியது.

மனுத் தாக்கலின் கடைசி நாள். சூரியன் மறைவதற்குள் வேட்பாளர் பெயரை எழுதி, தேர்தல் அதிகாரியான யானையிடம் கொடுக்க வேண்டும்.

"யார் பெயரை எழுதட்டும், ஹஜ்ரத்?" என்று மூவரையும் பார்த்து மரியாதையாகக் கேட்டாள் ருகையா.

"என் பெயரைத்தான். நான் சொன்னால் சொன்னதுதான்" என்றார் கடா.

"சுவரொட்டியில் போட ஒரு முகம் வேண்டாமா?" என்று தோகையை விரித்தார் மயில்.

"அவசரம் எதற்கு? ஒரு குழு அமைத்து யோசிப்போம்" என்றார் ஆமை.

அதற்குள் பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று. முன்னின்று நடத்துவது யார் என்று அதிலும் தகராறு. கடைசியில் மூன்று மூலைகளில் மூன்று வரிசைகள் நின்றன. தொழுது முடித்துத் திரும்பிய தலைவர்கள், விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். சூரியன் மலையுச்சியைத் தொட்டுவிட்டது.

ருகையா மூவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு படிவத்தில் தன் பெயரையே எழுதி, முத்திரையைக் குத்தி, யானையிடம் பறந்தாள்.

"நீயா நிற்கிறாய்?" என்றது யானை.

"வேறு யாரும் நேரத்துக்கு வரவில்லை, ஐயா" என்றாள் அவள்.

மூன்று கட்சித் தொண்டர்களுக்கும் தோப்பு வேண்டியிருந்தது. தேர்தலன்று எல்லாரும் அவளுக்கே வாக்களித்தார்கள். நரி தோற்றது.

மறுநாள் காலை தலைவர்கள் மூவரும் சேர்ந்து வருவதைப் பார்த்து, வாழ்த்தத்தான் வருகிறார்கள் என்று ருகையா மகிழ்ந்தாள். ஆனால் மயில் ஒரு கடிதத்தை நீட்டினார்.

'தலைமையிடம் கேட்காமல் வேட்பாளரான ருகையாவைக் கூட்டணி வன்மையாகக் கண்டிக்கிறது.' அதன் கீழே மூன்று கையெழுத்துகளும் அருகருகே இருந்தன. அவர்கள் ஒன்றாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

ருகையா கடிதத்தைப் பணிவாக வாங்கிக்கொண்டாள். "நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஹஜ்ரத். இதில் முதல் கையெழுத்து யாருடையது?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் குஞ்சுகளுக்கு இரை தேடப் பறந்தபோது, கீழே சத்தம் வலுத்துக்கொண்டிருந்தது.

நீதி: முதலிடத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் எத்தனை பேர் சேர்ந்தாலும் கூட்டம்தான், கூட்டணி ஆவதில்லை.