பந்தியில் ஒரு புதுச் சட்டம்

மாசிலாமணி, நாட்டின் சட்ட அமைச்சர். ஆனால் மடத்துக்கு வந்துவிட்டால் அடிகளின் பழைய சீடன்தான். அன்று வந்தவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

என்ன சங்கதி என்று அடிகள் கேட்டதும் கொட்டிவிட்டான். தலைநகரில் சொந்தக் கட்டடம் இல்லாத கட்சிகளைக் கலைக்கச் சட்டம் தயாராகிவிட்டது. நாளை அவன் கையெழுத்துப் போட வேண்டும். ஆளுங்கட்சிக்கு அங்கே மாளிகையே இருக்கிறது. மலைக்காரர்களின் சின்னக் கட்சிக்குத்தான் ஒன்றுமில்லை. அவர்களுக்கு இடம் விற்க அங்கே எவனுக்கும் தைரியம் கிடையாது.

"சட்டத்தில் யார் பெயரும் இல்லை, சாமி. எல்லாருக்கும் பொது. பிறகு ஏன் எனக்குத் தூக்கம் வரமாட்டேன் என்கிறது?"

"முதலில் சாப்பிட வா," என்றார் அடிகள்.

கடைசி ஆள் இலையை மடிக்கும்வரை பந்தியில் யாரும் எழக்கூடாது என்பது அந்த மடத்து வழக்கம். அன்று அடிகள் அதை மாற்றினார். தான் இலையை மடித்ததும் எல்லாரும் எழுந்துவிட வேண்டும், யாருக்கும் விலக்கு இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மாசிலாமணியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

பரிமாறுவது எப்போதும் அடிகள் இலையிலிருந்துதான் தொடங்கும். அவருக்கோ எப்போதும் அரை வயிற்றுச் சாப்பாடு. மாசிலாமணி மோர்ச் சோற்றை வழித்து முடிக்கவும் அவர் இலையை மடிக்கவும் சரியாக இருந்தது.

எல்லாரும் எழுந்தார்கள். மாசிலாமணி கை கழுவத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டான். பந்தியின் கோடியில், மலையிலிருந்து நடந்து வந்தவர்களின் இலையில் அப்போதுதான் சோறு விழுந்திருந்தது. குழம்பு வரவில்லை. ஒருவர் பசியோடு அந்தச் சோற்றின் மேலேயே இலையை மடித்துக்கொண்டிருந்தார்.

"அநியாயம், சாமி. அவர்களை உட்காரச் சொல்லுங்கள்."

அடிகள் சைகை காட்டினார். புது இலை போட்டு, அந்தக் கோடியிலிருந்து பரிமாறினார்கள். மலைக்காரர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். மாசிலாமணி அவர்களையே பார்த்தான். மனம் ஆறவில்லை.

"எழுந்திருக்கச் சொன்னதும் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லையே. இவர்களுக்குக் கோபமே வராதா?"

"வராமல் என்ன? ஒவ்வொருவராகக் கேட்டால் யார் காதில் விழும்? அதற்குத்தானே ஒரு கட்சி வைத்திருக்கிறார்கள்," என்றார் அடிகள். "நாளை வரைக்கும்."