கன்றைப் பார்க்காமல் நீந்திய எருமை

விலங்குகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், எருமைகள் ஆற்றை நேராகத்தான் கடக்கும். எங்கே கரையேற வேண்டுமோ, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நீந்தும். தண்ணீர் இழுத்தால் எதிர்த்து முட்டும்.

பவானி ஆற்றங்கரையில் காராயி என்பவளிடம் கரிச்சி என்றொரு எருமை இருந்தது. ஒருநாள் காலை அதை ஆற்றின் நடுவிலிருந்த திட்டுக்கு மேய்க்க ஓட்டிப் போனாள் காராயி. பிறந்து இருபது நாளே ஆன கன்று பின்னால் வந்துவிடாதபடி அதைக் கரையிலிருந்த நாவல் மரத்து வேரில் கட்டிவிட்டுப் போனாள்.

கரிச்சிக்கு அன்று புல் இறங்கவில்லை. ஒரு வாய் கடிக்கும், தலையைத் தூக்கும், இடம் மாறும்.

"தண்ணில மண் வாசம் அடிக்குது, காராயி."

"மேக்கே மழையா இருக்கும். இன்னும் கொஞ்சம் மேஞ்சுக்க."

சிறிது நேரத்தில் ஆறு செம்மண் நிறமாகிவிட்டது. திட்டின் ஓரம் பொலபொலவென்று இடிந்து விழுந்தது. கரையில் கட்டியிருந்த கன்றின் முழங்காலைத் தண்ணீர் தொட்டது. அது கயிற்றை இழுத்து இழுத்துக் கத்தியது.

"நாந்தான் கட்டினேன்," என்று திட்டில் மேலும் கீழும் அலைந்தாள் காராயி.

"வாலைப் பிடி," என்றது கரிச்சி.

கன்றை நோக்கி நேராக நீந்தினார்கள். வெள்ளம் கரிச்சியின் விலாவில் மோதியது. எத்தனை உதைத்தாலும் கரை கிட்டே வரவில்லை. மூச்சு வாங்கியது, மூக்கில் தண்ணீர் ஏறியது. ஓரிடத்தில் பாறை தட்டுப்படவே காராயி காலை ஊன்றி நிற்கப் பார்த்தாள். பாதம் இடுக்கில் மாட்டிக்கொண்டது. வெள்ளம் அவளை முகங்குப்புறத் தள்ளியது. அவள் வாலை விடவில்லை. கரிச்சி திரும்பி வெடுக்கென்று இழுக்க, தோல் உரிந்து கால் வெளியே வந்தது.

"காலை ஊனாதே. மேல தூக்கிட்டு மிதந்து வா."

காராயி மல்லாந்தாள். கரிச்சி ஒரு கணம் கன்றைப் பார்த்தது. அதைப் பார்த்துக்கொண்டே போனால் அதனிடம் போய்ச் சேரமாட்டோம் என்று அதற்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெள்ளம் போகும் போக்கில் உடலை விட்டு, கரைப்பக்கம் மட்டும் சாய்வாக உதைத்தது. கன்று நின்ற இடம் பின்னால் தள்ளிப் போனது.

"கன்னு அங்க இருக்குது. நீ எங்க போறே?" என்று அழுதாள் காராயி.

"அதுகிட்டத்தான்."

"அம்மா, என்னை விட்டுட்டுப் போறியா?" என்று கத்தியது கன்று. கரிச்சி திரும்பவில்லை. திரும்பினால் மறுபடியும் நேராக நீந்திவிடுவோம் என்று பயந்தது.

வெகுதூரம் தள்ளி, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் வேகம் குறைந்திருந்தது. அங்கே குளம்பு மண்ணைத் தொட்டது. கரையேறி இருவரும் கன்றிடம் திரும்பி ஓடினார்கள். கன்றின் கழுத்துவரை தண்ணீர் ஏறியிருந்தது. கயிறு ஊறி முடிச்சு இறுகிப் போயிருந்ததால் காராயி அதைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். கரிச்சி நக்க வந்தபோது கன்று முகத்தை ஒதுக்கிக்கொண்டது. பசித்த பிறகுதான் மடியில் வாய் வைத்தது.

எருமைகள் ஆற்றைச் சாய்வாகக் கடந்து எங்கோ கீழே கரையேறுவது அன்று தொடங்கியதுதான். தாய் தண்ணீரில் இறங்கினால், அது முழங்கால் அளவுக் குட்டையானாலும், கரையில் நின்று கன்று கத்துவதும் அன்று முதல்தான்.