மழை அழித்த எண்கள்

மலைச் சரிவில் ஒரு மரப் பள்ளிக்கூடம் இருந்தது. காடு திருத்திக் குடியேறிய முதல் குடும்பங்கள், தொடைப் பருமன் உருட்டு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதைக் கட்டியிருந்தன. அதன் அடியில் மண் சரியத் தொடங்கியதும், "பிரிச்சு எடுத்துட்டுப் போய் மேட்டுல மறுபடி நிறுத்திக் காட்டறேன்" என்று ஊர்க்கூட்டத்தில் வீறாப்பாகச் சொன்னவர் அம்பலவாணர். அங்கேயே படித்து, அங்கேயே வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நிக்கணும். இல்லேன்னா மரமெல்லாம் விறகுக்கு" என்றது ஊர்.

அவருக்கு முத்து முத்தான கையெழுத்து. பிரித்த மரம் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் எண் எழுதி வைத்தார். எண் வரிசைப்படி அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் மேட்டில் அடிமரங்களைப் பதித்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது ஓர் எண்கூட மிச்சமில்லை.

அம்பலவாணர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

செய்தி கேட்டு அவருடைய குரு செங்கமலத் தாய் மடத்திலிருந்து ஏறி வந்தார். வயதில் அவரைவிட இளையவர்.

"எல்லாம் போச்சு தாயே. எது எங்கேன்னு இனி யாருக்குத் தெரியும்?"

தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு மரத்தின் முனையைத் தூக்கினார். மறுமுனையை அம்பலவாணர் தூக்கத்தான் வேண்டியிருந்தது. அடிமரங்களின் மேல் வைத்தார்கள். ஆடியது. இறக்கினார்கள். அடுத்ததும் ஆடியது. இன்னொன்றை வைத்தபோது, அதன் முனைகளில் கோடரியால் வெட்டியிருந்த பள்ளங்கள் அடிமரங்களைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்தன. அம்பலவாணர் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

ஆனாலும் குவியலைப் பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று.

"இப்படி ஒவ்வொண்ணாத் தூக்கிப் பார்த்தா இடுப்பு ஒடிஞ்சுபோகும் தாயே. எண் மட்டும் இருந்திருந்தா..."

"இதைக் கட்டினவங்கள்ல எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும், வாத்தியாரே?"

"ஒருத்தருக்கும் தெரியாது. எங்கப்பாவே கைநாட்டுதான். பிள்ளைங்களாவது படிக்கட்டும்னுதானே கட்டினாங்க."

தாய் அடுத்த மரத்தின் அருகே போய்க் குனிந்தார்.

"எண் தெரியாதவங்க தூக்கி வச்ச மரம் இது. எண் அழிஞ்சுபோச்சுன்னு நீங்க அடுப்புல வைக்கப் போறீங்களா? அந்த முனையைப் பிடிங்க."