முன்னால் நடந்தவர்

இருளர் பிள்ளைகளுக்கு ஓர் உதவி மையத்தை நடத்திவந்தார் பூங்காவனம். அவரும் இருளர்தான். பொய் வழக்கில் மாட்டிய பிள்ளை, பள்ளியை விட்ட பிள்ளை, பயந்து கிடக்கும் பெற்றோர் என்று யாருக்கும் துணைக்குப் போவார்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் தணிகாசலம். ஓய்வு பெற்ற ஏட்டு, பூங்காவனத்தைவிட நன்றாக மூத்தவர். காக்கிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார், மீசைக்கு இன்னும் கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் வியர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

“இன்னைக்கும் ஓடிட்டான்மா.”

“யாரு?”

“பச்சையம்மா மகன் கன்னியப்பன். என் தலையைப் பார்த்ததும் குடும்பமே முள்ளுக்காட்டுக்குள்ள பூந்துடுச்சு.”

கன்னியப்பனுக்குப் பதினாறு வயது. யாரோ திருடிய பைக்குக்கு அவன் பெயரை எழுதியிருந்தார்கள். சிறார் நீதிக் குழுமத்தில் போன வாய்தாவுக்கு அவன் போகவில்லை. மறுநாளும் போகாவிட்டால் போலீஸ் வந்து தூக்கிப்போய்க் கூர்நோக்கு இல்லத்தில் அடைத்துவிடும்.

“தப்பு பண்ணாதவன் எதுக்கும்மா ஓடணும்?”

பூங்காவனம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“வாங்கண்ணே, போயிட்டு வரலாம்.”

ஏரிக்கரை ஓரம் குடிசை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. பின்னால் முள்ளுக்காடு மட்டும் இருந்தது.

தணிகாசலம் குரலை உயர்த்தினார்.

“ஏகாம்பரம் மகன் கன்னியப்பன்!”

“என்னண்ணே, ஸ்டேஷன்ல ஆஜர் எடுக்கறீங்களா? அவன் பேரு அவனுக்குத் தெரியும். நீங்க யாருன்னு சொல்லுங்க.”

“நீங்களே கூப்பிடுங்கம்மா. உங்க குரலுக்கு வந்துடுவான்.”

“வருவான். அப்புறம் நீங்க வந்தா மறுபடி ஓடுவான்.”

பூங்காவனம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தணிகாசலம் காட்டைப் பார்த்துச் சொன்னார்.

“நான் உதவி மையத்துலேருந்து வரேன்.”

காட்டில் அசைவில்லை.

“அதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?” என்றார் பூங்காவனம்.

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்தார். போய்விடலாமா என்று நினைத்தார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் உண்மையைச் சொல் என்று அதட்டியவருக்கு, தன் முறை வந்தபோது நாக்கு எழவில்லை. பூங்காவனத்துக்குப் பாவமாகத்தான் இருந்தது.

சோறு பொங்கி வழிந்தது. பூங்காவனம் எழுந்து போய் விறகை இழுத்துவிட்டு வந்து, மறுபடி உட்கார்ந்தார்.

“பச்சையம்மா,” என்றார் தணிகாசலம். குரல் இறங்கியிருந்தது. “நான் தணிகாசலம். இந்த ஊரு ஸ்டேஷன்ல ஏட்டா இருந்தேன். உன் வூட்டுக்காரரை இட்டுகினு போனது நான்தான். அவர் மேல தப்பில்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் அடிச்சேன். நல்லா நடந்தவரை நொண்ட வெச்சு அனுப்பினேன்.”

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

நிழல் நகர்ந்து அவர் காலருகே வந்த பிறகுதான் முள்ளுக்காட்டிலிருந்து பச்சையம்மா வெளியே வந்தாள். அவள் பின்னால் ஏகாம்பரம் காலை இழுத்து இழுத்து வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்தான். தணிகாசலத்தை அவன் பார்க்கவே இல்லை.

“காலையில பையன் வருவான்,” என்றாள் பச்சையம்மா. “நீ முன்னால நட. எங்க ஆளுங்களுக்குப் பின்னால லத்தியோட நடந்ததெல்லாம் போதும்.”

மறுநாள் காலை தணிகாசலம் ஏரிக்கரையில் முன்னால் நடந்தார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. நடந்துகொண்டே இருந்தார்.

பஸ் நிறுத்தத்தில்தான் திரும்பினார். பூங்காவனம், பச்சையம்மா, அவளுக்குப் பின்னால் தலை குனிந்து கன்னியப்பன். தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பூங்காவனத்தின் பக்கம் போய் மெதுவாகக் கேட்டார்.

“நான் யாரு, என்ன செஞ்சேன், எல்லாமே அவங்களுக்குத் தெரிஞ்சதுதானே? அப்புறம் எதுக்கும்மா என்னைச் சொல்ல வெச்சீங்க?”

“அவங்களுக்குத் தெரியும்ண்ணே. உங்களுக்கு ஞாபகம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாதே.”